மூச்சடைத்த வெந்நீர் மிஷின்

ஒன்றுமே தெரியாதவனால் யாருக்கும் பெரிய சேதம் வராது. அவன் எதையும் தொட மாட்டான். கொஞ்சம் தெரிந்து, தெரிந்ததற்கு ஒரு சான்றிதழும் கையில் வைத்திருப்பவன் இருக்கிறானே, அவனைத்தான் கல்யாண மண்டபத்துப் பக்கம் விடக் கூடாது. ஏதோ பொதுப்படையாகச் சொல்வதுபோல ஆரம்பித்துவிட்டேன். சான்றிதழ் என் பெயரில்தான் இருக்கிறது. சித்தூர்ப் பக்கம் பாகாலாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அக்காவின் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் அதை மாட்டியிருந்தோம். பிறகு அம்மா அதைக் கழற்றி பீரோ மேலே போட்டுவிட்டாள். (இரண்டையும் ஒரே சுவரில் பார்த்தால் வருகிறவர்கள் சிரிக்கிறார்களாம்.)

டிப்ளமா முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு பாய்லர் கம்பெனியில் சேர்ந்தேன். ஆலைகளில் இருக்கும் பெரிய பாய்லர் இல்லை. லாட்ஜுக்கும் மண்டபத்துக்கும் வெந்நீர் போடுகிற, ஒரு பீரோ அளவு பாய்லர். பெயர் பல்ஸ் பாய்லர். திருப்பதிக்கு வருகிறவர்கள் மொட்டை அடித்துக்கொள்கிறார்கள், மொட்டைத் தலைக்கு வெந்நீர் தேவைப்படுகிறது, ஆகவே கம்பெனி கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்து என்னைத் திருப்பதிக்கு அனுப்பியது. சித்தூர் முதல் திருப்பதி வரை அந்த மிஷினைத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று என் மேலதிகாரி போனில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் திருப்பிச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

மிஷினைப் பற்றி அப்போது நான் பேசாத இடமில்லை. பஸ்ஸில் பேசினேன், பந்தியில் பேசினேன், ஒரு சாவு வீட்டில்கூடப் பேசினேன். இப்போது உங்களிடமும் கொஞ்சம் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த காரியத்தின் முழு அசட்டுத்தனம் உங்களுக்குப் புரியாது.

சாதாரண பாய்லரில் அடுப்பு எரிவதுபோல நெருப்பு நின்று எரியும். இதில் அப்படி இல்லை. ஒரு சின்ன அறை. அதற்குள் கொஞ்சம் காற்று, கொஞ்சம் கேஸ், ஒரு தீப்பொறி. டப் என்று ஒரு வெடிப்பு. அந்த வேகத்தில், காற்று வந்த வழியில் இருக்கும் மெல்லிய தகடு மூடிக்கொள்ளும். எரிந்த புகை இன்னொரு பக்கம் நீளக் குழாய் வழியாக வெளியே ஓடும், ஓடுகிற வழியில் தண்ணீரைச் சூடாக்கிவிட்டுப் போகும். புகை வெளியேறிய வேகத்தில் அறைக்குள் ஒரு வெறுமை உண்டாகும். அந்த வெறுமையே தகட்டைத் திறந்து அடுத்த வாய்க் காற்றையும் கேஸையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே மிச்சமிருக்கிற சூட்டில் அது தானாகவே பற்றிக்கொள்ளும். மறுபடி டப். கண்ணை மூடித் திறப்பதற்குள் இப்படிப் பல தடவை நடப்பதால் காதுக்கு ஒரே உறுமலாகத்தான் கேட்கும். கிளம்பும்போது மட்டும் ஒரு விசிறி காற்றை இழுத்துக் கொடுக்கும், ஒரு பிளக் பொறி கொடுக்கும். ஓட ஆரம்பித்த பிறகு இரண்டுக்கும் வேலை இல்லை. மிஷின் தானே மூச்சு வாங்கி, தானே மூச்சு விட்டுக்கொண்டு ஓடும்.

மூச்சு வாங்க ஒரு குழாய், மூச்சு விட ஒரு குழாய். இரண்டும் சுவரைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பயிற்சியின் முதல் பாடமே இதுதான்: மிஷின் நின்றுபோனால் எதையும் கழற்றாதே, முதலில் வெளியே போய் அந்தக் குழாய்களின் வாயைப் பார். குருவி கூடு கட்டியிருக்கும், பாலிதீன் பை வந்து ஒட்டியிருக்கும். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இதைக்கூடவா பார்க்காமல் இருப்பார்கள் என்று சத்தமாகக் கேட்டவன் நான்.

திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அப்படி ஒரு மிஷினை நானே நின்று பொருத்தினேன். பின்சுவரில் இரண்டு வெள்ளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே ஒரு பலகை மாட்டி, அதில் ‘இந்தக் குழாய்களை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள்’ என்று தமிழிலும் தெலுங்கிலும் பெயிண்டில் எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன். (பெயர் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.)

அந்த வருஷம் தை மாதத்தில் சுகுணா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சித்தூரில் ஒரு பால் பண்ணையில் வேலை பார்த்தார். தங்கமான மனிதர். ஆனால் அவருக்கு அப்பா இல்லை. வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் அவருடைய தாய்மாமன், குடியாத்தத்துக்காரர். அவர் எழுந்து நின்றால் அந்த வீடே எழுந்து நிற்கும். முன்பு ஒரு கல்யாணத்தில் காப்பி வரத் தாமதமானது என்று தன் சனத்தையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். நிச்சயத்தன்று நைனாவிடம் (எங்கள் பக்கம் அப்பா நைனாதான்) அவர் நகை நட்டு எதுவும் கேட்கவில்லை. காலையில் தன் சனங்களுக்குக் குளிக்க வெந்நீர் மட்டும் குறையாமல் இருக்க வேண்டும் என்றார்.

பாகாலாவிலேயே ஒரு சின்ன மண்டபத்தைப் பார்த்து வைத்திருந்தார் நைனா. நான்தான் திருப்பதி மண்டபம் என்று பிடிவாதம் பிடித்தேன். “நான் போட்ட மிஷினு நைனா. மண்டபமே குளிச்சாலும் தண்ணி ஆறாது” என்றேன். நைனா மாங்காய் மண்டியில் எடை போடுகிறவர். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதிலிருந்து பின்வாங்கத் தெரியாதவர். பத்திரிகை வைக்கப் போன வீட்டிலெல்லாம், வெந்நீர் மிஷின் என் பையன் போட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். அக்காவின் கல்யாணம் இப்படி என் பாய்லரின் தலையில் போய் உட்கார்ந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு ஒதுக்கிய அறைகள் மண்டபத்தின் பின்பக்கம், பாய்லர் அறைக்கு ஒட்டினாற்போல. மிஷின் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. தாய்மாமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, பின்னாடி மாவு மிஷின் ஓடுகிறதா என்று கேட்டார். இப்படி ஒரு கேள்விக்காகத்தானே நான் பிறந்ததே. வெடிப்பு, தகடு, வெறுமை, மூச்சு என்று அவரை நிற்கவைத்து முழுப் பாடமும் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “மிஷினு நல்லாத்தான் கீது தம்பி. நாங்க தூங்க வேணாமா?” என்றார்.

நைனா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையோடு நான் நேராக மண்டபத்தின் பின்பக்கம் போனேன்.

இந்த மிஷினின் சத்தம் பாதிக்கு மேல் மூச்சு வாங்கும் குழாய் வழியாகத்தான் வெளியே வரும். அதன் வாயில் எதையாவது லேசாகக் கட்டினால் சத்தம் அடங்கிவிடும் என்று தோன்றியது. மூடக் கூடாது என்று நானே எழுதிய பலகைக்குக் கீழே நின்றுகொண்டுதான் இப்படித் தோன்றியது. அது ஊராருக்கு எழுதியது, எனக்கு இல்லை என்று வைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு கொடியில், மஞ்சள் படிந்த பருத்தித் துணி ஒன்று ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சமையல் மாஸ்டர் சோறு வடிக்கிற துணி, சாம்பார் பட்டு மஞ்சளாகியிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை கட்டுகிற வெள்ளை வேட்டியைப் பெண் வீட்டில் முந்தின நாளே மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைப்பார்கள். நைனாவின் தங்கை தேசம்மா அத்தைதான் எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் பொறுப்பு. அன்று மதியம் அத்தை என்னிடம் வந்து, மேகம் மூடி வெயில் போய்விட்டது, சீக்கிரம் துணி காய இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். என் மிஷினின் புகைக்குழாய்ப் பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும், அங்கே போடு என்று சொன்னவனும் நான்தான். எதற்கு என்று கேட்கவில்லை.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு மறுநாள் காலை வரை ஆனது.

துணியை மடித்து, குழாயின் வாயில் போர்த்தி, பூக்கட்டக் கொண்டுவந்திருந்த வாழைநாரால் சுற்றிக் கட்டினேன். உர்ரென்று இருந்த சத்தம் ம்ம்மென்று அடங்கியது. நடுநடுவே மிஷினுக்கு விக்கல் மாதிரி ஒன்று வந்தது. ஊர்க்கண் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். (சான்றிதழ் வாங்கியவன் நினைக்கிற நினைப்பா இது.) தொட்டியில் தண்ணீர் சூடானதும் மிஷின் தானாகவே நின்றது, ஆறினால் தானாகவே மறுபடி கிளம்ப வேண்டும். தாய்மாமன் வெளியே வந்து காது கொடுத்துக் கேட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார். சமையல் மாஸ்டர் தசரதன் சூடாக ஒரு தட்டு போண்டாவை என் கையில் திணித்து, அக்கா கல்யாணமும் அதுவுமாக இப்படி ஓடி ஓடி உழைக்கிறாயே என்று கரிசனமாகச் சொன்னார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

விடியற்காலையில் அம்மா வந்து எழுப்பினாள். “பைப்புல பச்சத்தண்ணி வருதுடா தாமு. மாப்ள வூட்டுக்காரங்க துண்டப் போட்டுக்கினு நிக்கறாங்க.”

கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாய்லர் அறைக்கு ஓடினேன். பொத்தானை அமுக்கினேன். விசிறி சுற்றியது, பிளக் பொறி விட்டது, மிஷின் டப் டப் என்று இருமியது, நின்றது. சிவப்பு விளக்கு. மறுபடி அமுக்கினேன். அதே இருமல், அதே விளக்கு. ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் அந்த விசிறி மாப்பிள்ளையின் முகூர்த்த வேட்டியைக் குழாய்க்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது.

பிளக்கைக் கழற்றினேன், அக்கா கல்யாணத்துக்கென்று தைத்த புதுச் சட்டையிலேயே துடைத்து மாட்டினேன். நெருப்பு இருக்கிறதா என்று பார்க்கிற கம்பியைத் தேய்த்தேன். மெல்லிய தகட்டைப் பிரித்துப் பார்த்தேன், அது புத்தம்புதிதாக இருந்தது. புகையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்குமோ என்று அதைக் கழற்றி என் கால் மேலேயே ஊற்றிக்கொண்டேன். கேஸ் மீட்டரைப் பார்த்தேன். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் ஓடாத மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, கழற்றியதையே மறுபடி கழற்றினேன்.

வெளியே போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வாசலில் துண்டும் சோப்பு டப்பாவுமாக ஒரு கூட்டம் நின்றது. அவர்களைத் தாண்டிப் போக வெட்கம். நான் கட்டிய துணி நினைவுக்கு வராமலும் இல்லை, வந்தது. நேற்று அதோடுதானே ஓடியது என்று நானே அதற்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நடுவில் தேசம்மா அத்தை தலையை நீட்டி, மாப்பிள்ளை வேட்டியைப் பார்த்தாயா என்று கேட்டாள். நானே உயிர் போகிற வேலையில் இருக்கிறேன், வேட்டி கோவணம் என்று வந்துவிட்டாயே என்று அவளைக் கத்தி விரட்டினேன்.

அப்புறம் தாய்மாமன் வந்தார். குரலை உயர்த்தவில்லை. “மிஷினு இன்னா சொல்து தம்பி?” என்று மட்டும் கேட்டார். அவருக்குப் பின்னால் நைனா நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் மாலை தசரதன் மாஸ்டர் ஒரு சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனது எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததுதான் தாமதம், வாயில் வந்துவிட்டது.

“மிஷினுல ஒன்னும் இல்லீங்க. ராத்திரி எவனோ கேஸ எடுத்துட்டான்.”

“யாரு?”

நான் சமையல்கட்டுப் பக்கம் கையை நீட்டினேன்.

மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். இதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. மிஷின் ஓடாததற்கு எனக்குக் காரணம் தெரியாது, அது வேறு. ஆனால் கேஸ் குறையவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நேரத்தில் தசரதன் மாஸ்டர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அம்மா புலம்பியதைக் கேட்டு, யாரும் சொல்லாமலேயே இரண்டு பெரிய அண்டாக்களில் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஓரத்தில் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. நான் சொன்னது நான் போவதற்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் ஒவ்வொரு அடுப்பாக அணைத்தார். ஒரு குண்டானைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“என் சிலிண்டரு, எங்க நகரியிலர்ந்து நானே எட்தாந்தது” என்றார் என்னிடம். “திருடன்னு சொல்ட்ட. சரி. வா, காணிப்பாக்கம் போலாம். நான் கொளத்துல முழுவி எழுந்து எடுக்கலன்னு சத்தியம் பண்றேன். எடுத்தேன்னு நீ பண்ணு.”

காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்கிறவன் உருப்பட மாட்டான் என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அதுவே போதுமான பதில், ஆனால் அந்த அமளியில் யாரும் கவனிக்கவில்லை.

பொங்கல் பாதி வெந்த நிலையில் நின்றது. அண்டாத் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. தாய்மாமன் வீம்புக்கு ஒரு வாளிப் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்து தும்ம ஆரம்பித்தார். மாப்பிள்ளை இடுப்பில் துண்டோடு அறைக்குள்ளேயே நின்றார், ஏனென்றால் முகூர்த்த வேட்டியைக் காணோம். மஞ்சள் நனைத்த வேட்டி காணாமல் போவது நல்லதற்கு இல்லை என்று யாரோ ஒரு கிழவி சொல்ல, மாப்பிள்ளையின் அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

தாய்மாமன் எழுந்து நின்றார். அவரோடு அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

“வெந்நீரும் இல்ல, சோறும் இல்ல, கட்டிக்க வேட்டியும் இல்ல” என்றார். “ஏதோ ஒரு சாமி வேணாங்குது. அப்புறம் நாம இன்னாத்துக்கு நின்னுக்கினு?”

நைனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சமையல்கட்டுக்குப் போய் மாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு இடத்திலும் பிடித்த கையை விடாமல் நின்றார், அவருக்குக் கெஞ்சத் தெரியாது. மாங்காய் மூட்டைக்கு முன்னால் நின்று அதட்டிப் பேசியே பழகிய மனிதர். மணப்பெண் அலங்காரத்தோடு அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடி பாய்லர் அறைக்குள் புகுந்துகொண்டு, வேறு வழி தெரியாமல் பொத்தானை அமுக்கினேன்.

அப்போதுதான் பின்சுவர்ப் பக்கமிருந்து அத்தையின் குரல் கேட்டது. “இங்க வந்து பாருங்க எல்லாம். வேட்டிய வாயில வெச்சிக்கினு நிக்குது இந்த மிஷினு.”

போனோம். மூச்சு வாங்கும் குழாயின் வாயிலிருந்து மஞ்சளாக ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது. மடிப்பு பிரிந்து, முந்தின நாள் உள்ளே மடித்து நான் பார்க்காமல் விட்ட சிவப்புக் கரை பளிச்சென்று தெரிந்தது. மிச்ச வேட்டி உள்ளே இருந்தது. வாழைநார் இன்னும் அவிழாமல் அப்படியே இருந்தது. (கட்டுவதை மட்டும் நன்றாகக் கட்டியிருந்தேன்.)

தாய்மாமன் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி வாய்விட்டுப் படித்தார். எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். அதற்குக் கீழே இருந்த என் பெயரையும் படித்தார். பெயரைப் படித்துவிட்டு ஒரு தும்மல் போட்டார்.

நான் போய் நாரை அறுத்துவிட்டு வேட்டியைப் பிடித்து இழுத்தேன். உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அது தன் பக்கம் இழுத்தது. இரண்டு குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்க, நானும் என் மிஷினும் கொஞ்ச நேரம் கயிறு இழுத்தோம். பிறகு வேட்டி வந்தது, வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒட்டடையும், குழாயின் ரப்பர் பட்டுக் கறுப்பாக ஒரு வட்டமுமாக முழுசாக வெளியே வந்து விழுந்தது. அந்த நொடியில் உள்ளே டப் என்றது, டப் டப் என்றது, உர்ரென்று பிடித்துக்கொண்டது. அத்தனை நேரம் நான் பிரித்துப் பார்த்த எதிலும் ஒரு குறையும் இல்லை என்று அது ஊரைக் கூட்டிச் சொன்னது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் என்றிருந்தது. நான் வேட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சமையல்கட்டுக்குப் போய், மாஸ்டரிடம் கேஸ் குறையவில்லை, எனக்குத் தெரிந்தேதான் பொய் சொன்னேன் என்றேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்ற நைனாவைப் பார்த்து, “உங்க மூஞ்சிக்காவத்தான்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

கல்யாணத்தைக் காப்பாற்றியவர் மாப்பிள்ளைதான். துண்டைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தார், வேட்டியை என்னிடமிருந்து வாங்கி ஒரு உதறு உதறினார், தடவிப் பார்த்தார். “நல்லா காஞ்சிட்ச்சு” என்றார் அவருடைய மாமனிடம். “கட்டிக்கினு வரேன். நீங்க போய் வெந்நீர்ல ஒரு தபா குளிங்க மாமா, சளி புடிச்சிக்கும்.”

கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா பக்கென்று சிரித்தாள். அதைக் கேட்டு மாப்பிள்ளை சிரித்தார். அதற்கப்புறம் தாய்மாமன் உட்கார வேண்டியதாகிவிட்டது.

முகூர்த்தம் தவறவில்லை. தாலி கட்டுகிற நேரத்தில் தாய்மாமன் ஒரு பெரிய தும்மல் போட்டார். நாதஸ்வரக்காரர் கெட்டிக்காரர், கண்ணைக் காட்டி அதைக் கெட்டிமேளத்தில் அமுக்கிவிட்டார். போட்டோவில் மாப்பிள்ளையின் முழங்காலில் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். போட்டோகாரர் அதை அழித்துத் தருகிறேன் என்றார். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள்.

நைனா என்னைத் திட்டவில்லை. ஊர் திரும்பும் வரை என்னோடு பேசவும் இல்லை. மறுவீடு எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், நாளைக் காலையில் காணிப்பாக்கம் போகிறோம் என்றார். அங்கே குளக்கரையில் தசரதன் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். நைனாதான் வரச்சொல்லியிருக்கிறார்.

குளத்தில் முழுகி எழுந்து ஈரத்தோடு போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் அண்ணன் நிலத்தை அபகரிக்கவில்லை என்று சத்தியம் செய்தார். அவருக்கு முன்னால் ஒருவர் இனிமேல் சாராயத்தைத் தொடுவதில்லை என்றார். இல்லை, இல்லை என்று எல்லோரும் சொல்கிற அந்த இடத்தில் என் முறை வந்தபோது, வேட்டியை வைத்து அடைத்தது நான்தான், மாஸ்டர் எதையும் எடுக்கவில்லை, எடுக்கவில்லை என்று தெரிந்தே திருடன் என்றேன் என்று சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செய்தேன் என்று சத்தியம் பண்ண அங்கே யாராவது வருவார்களா என்ன.

மாஸ்டர் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். பிறகு, “போதும் வா, இட்லி துன்னலாம்” என்றார். தன் துண்டை என் தலையில் போட்டார்.

வேலையை நான் விடவில்லை. இப்போதும் எந்த ஊருக்கு மிஷின் பார்க்கப் போனாலும் உள்ளே நுழைவதில்லை. முதலில் சுவரைச் சுற்றிப் போய், குனிந்து, குழாயின் வாயைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பேன். வாஸ்து பார்க்கிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் அது வேறு விதமாக நிலைத்துவிட்டது. எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் யாரும் தேடுவதில்லை. சாவி, கத்தரிக்கோல், ரேஷன் அட்டை, எதுவானாலும், “பைப்புல பாத்தியா?” என்று கேட்பார்கள். இதை ஆரம்பித்துவைத்தது மாப்பிள்ளை. அக்காவின் மகள் பேச ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே இதையும் சொல்லப் பழகிவிட்டாள். தாய்மாமன் குடியாத்தத்திலிருந்து போன் பண்ணினால், சௌக்கியம் விசாரிப்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்கிறார். தசரதன் மாஸ்டர் என் கல்யாணத்துக்குச் சமைக்க வந்தபோது, கரண்டியைத் தேடிக்கொண்டே என்னைப் பார்த்து இதையே கேட்டார். அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சொல்லாத ஒரே ஆள் நைனா. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போது அவர் எழுந்து வெளியே போய்விடுவார். வருஷக்கணக்காக இப்படித்தான். மாஸ்டர் மன்னித்தார், தாய்மாமன் மன்னித்தார், சாமிகூட மன்னித்திருக்கும். அந்தக் காலையில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதருக்கு மட்டும் அது இன்னும் சிரிப்பாகவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் அதைப் பற்றி அவரிடம் பேசியதில்லை. பேச எனக்கு முகம் இல்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். நைனா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அலமாரியில் தேடினார், தலையணைக்கு அடியில் தேடினார், அம்மாவைக் கோபித்துக்கொண்டார். நானும் எழுந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நிமிர்ந்தபோது அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“பைப்புல பாத்தியாடா?” என்றார்.